கரை நேரத்தைத் தொடவிடாத ஃபஹ்மிதா அக்கா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபஹ்மிதா அக்காவை எனக்கு முதல் எட்டு மாதம் பிடிக்கவே பிடிக்காது. இன்றைக்கு அவள் பெயரைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்ததை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தன்னைப் பற்றி எழுதினேன் என்று தெரிந்தால் திட்டுவாள். திட்டட்டும், அவள் திட்டி எனக்குப் பழக்கம்தான்.

பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஐந்து பேர். முதலாளி குமரகுருபரன் அண்ணாச்சி. கீழே பெரிய லேத் ஓடினால் மேலே மேசையில் இருக்கும் டீ கிளாஸ் தானாக நகரும். கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் கணினியிலும் போனிலும் ஓடுகிற திரைகளைச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஃபஹ்மிதா அக்கா மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஒன்பது மணிக்கு அவள் நாற்காலியில் அவள் இல்லையென்றால் பஸ் ஸ்டிரைக் என்று அர்த்தம். முப்பத்தாறு வயது, ஒல்லி, குரல் மட்டும் கனம். நாங்கள் எழுதும் கணினி நிரல் எதுவும் அவள் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் வெளியே போகாது.

எனக்கு அதுதான் எரிச்சல். நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் இன்ஜினியரிங் படித்தவள். அவள் படித்தது பி.எஸ்ஸி. கணிதம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் மேலப்பாளையம் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாடு போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள். அங்கே கூட்டம் இல்லாத நேரத்தில் தானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாளாம். "படிவம் நிரப்பினவங்க எல்லாம் நம்ம வேலையத் திருத்துதாவ" என்று அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் அவளுடைய பெரிய பாடம் அந்தப் படிவத்திலிருந்துதான் வந்தது. ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னாள்.

"அந்தப் படிவத்துல பிறந்த தேதியும் கேப்பான், வயசும் கேப்பான். நம்ம ஆளுவ தேதிய ஒழுங்காச் சொல்லிட்டு, வயசக் கேட்டா வாய்க்கு வந்ததச் சொல்லுவாவ. ஒருத்தருக்கு ரெண்டு விதமா வயசு வந்துரும். படிவம் திரும்பி வந்துரும். ஒரு மனுசனுக்கு அதுனாலயே வேலை போச்சு, வினோ. எங்கிட்ட வந்து அழுதாரு. தேதி தெரிஞ்சா வயசு தானா வரும்லா? அத ஏன் எழுதச் சொல்லணும்?"

இதுதான் விஷயம். எங்கள் தொழிலில் இப்போது எல்லாரும் எழுதுவது, ஒன்று மாறினால் அதைச் சார்ந்த மற்றதெல்லாம் திரையில் தானாக மாறிக்கொள்ளும் வகை நிரல். பிறந்த தேதியை மாற்றினால் வயது தானே மாறும். தேதி நாம் கொடுப்பது. வயது கணக்கிலிருந்து வருவது; அதற்குக் 'கம்ப்யூட்டட்' என்று பெயர். அப்படி வருகிற விடையைப் படிக்கலாம், காட்டலாம், அதன்மேல் யாரும் எழுதக் கூடாது. எதில் எழுதலாம், எது படிக்க மட்டும் என்று நிரலிலேயே வகைப்படுத்தி வைத்துவிட்டால், தப்பித் தவறி யாராவது எழுதப் போனாலும் நாங்கள் நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டர் உடனே அந்த வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போடும். 'இது படிக்க மட்டும்' என்று சொல்லும். நாங்கள் எல்லாம் சிவப்புக் கோட்டைக் கண்டால் எப்படி அதன் வாயை அடைக்கலாம் என்று பார்ப்போம். ஃபஹ்மிதா அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அதை வாசிப்பாள். "என்னமோ சொல்லுதுல்லா, என்னன்னு கேளு" என்பாள்.

எங்கள் ஊர் கடற்கரையில் இருக்கிறது, குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே. அப்பா அம்புரோஸுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு. அப்பாவும் அம்மாவின் தம்பி மார்ட்டின் மாமாவும் அதில் தொழிலுக்குப் போகிறார்கள். போன வருஷம் எங்கள் ஊர்ப் படகுச் சங்கம் குமரகுருபரன் அண்ணாச்சியிடம் வந்தபோது என் சொந்தக்காரர்கள் வந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். சங்கத் தலைவர் வேதநாயகம் கேட்டது எளிய விஷயம். வள்ளம் கிளம்பும்போது வீட்டுப் பெண்கள் போனில் நான்கு விவரம் போடுவார்கள்: கிளம்பிய நேரம், ஊற்றிய டீசல், எஞ்சின் எது, எந்த வலை. அதை வைத்து, இந்த வள்ளம் இன்ன மணிக்குள் கரைக்கு வந்தாக வேண்டும் என்று திரை சொல்ல வேண்டும். அதைக் 'கரை நேரம்' என்றோம். அந்த நேரம் தாண்டியும் 'வந்தாச்சு' என்று அமுக்கவில்லை என்றால் சங்கத்துக்கு மணி அடிக்கும். சங்கம் வாக்கி டாக்கியில் கடலில் நிற்கும் மற்ற வள்ளங்களிடம் தேடச் சொல்லும்.

அக்காதான் செய்தாள். அருமையாக ஓடியது. ஆனால் எங்கள் ஊரைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியாது; எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை.

எங்கள் கடற்கரையில் தொழிலுக்குப் போகிற ஆளைப் பார்த்து 'எப்ப வருவிய' என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அன்றைக்குப் போகாமலே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. வருகிற நேரத்தை வாயால் சொல்வதே ஆகாது. அப்படியிருக்க, எங்கள் திரை ஒவ்வொரு வீட்டுப் போனிலும் அந்த நேரத்தைக் கொட்டை எழுத்தில் காட்டியது. நேரம் நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு, கூடவே சத்தம். முதல் வாரமே பக்கத்து வீட்டு அக்காவின் போன் சிவப்பாகிக் கத்தியது. அவள் மாரில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்துவிட்டாள். ஊரே கூடிவிட்டது. பத்து நிமிஷத்தில் அவள் புருஷன் மீன் கூடையோடு வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவு மணி அடிக்கிற போன் எங்களுக்கு வேண்டாம். அல்லது அந்த நேரத்தை நாங்களே தள்ளிப்போட ஒரு பட்டன் வை என்றார்கள். வேதநாயகம் போன் செய்து, "அண்ணாச்சி, ஒரு பட்டன்தான, வச்சுத் தந்துருங்க" என்றார்.

"கேக்குதத குடுத்துட்டுப் போவோம்" என்றார் குமரகுருபரன் அண்ணாச்சி. "வினோலியா, ஒங்க ஊரு. நீயே செஞ்சிரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அம்மாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. ஒரு கூட்டல் பட்டன். அமுக்கினால் கரை நேரம் அரை மணி தள்ளிப் போகும். அவ்வளவுதான். வரியை எழுதினேன். எழுதிய உடனே சிவப்புக் கோடு. 'இது படிக்க மட்டும்.' எடிட்டரின் வாயை அடைக்க எங்களுக்கெல்லாம் ஒரு சொல் தெரியும். அதைப் போட்டால் எந்த வகையாக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். போட்டேன். கோடு போய்விட்டது. பட்டனை அமுக்கினேன். நேரம் அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். ஒன்பது நாற்பது ஒன்பது நாற்பதாகவே நின்றது. விடையில் எழுதினால் நிரல் அதை வாங்கிக்கொள்வதே இல்லை.

நான் விடுவேனா? கரை நேரத்தை அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில் எழுதினேன். நகல் அழகாகத் தள்ளிப் போனது. மணி அடிக்கிற பகுதிக்கு அந்த நகலையே கொடுத்தேன். அண்ணாச்சிக்குக் காட்டியபோது, "ஒரு மத்தியானத்துல முடிச்சிட்டியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் வந்து திரையைத் திறந்தால் ஏழு இடத்தில் சிவப்பு. அக்கா என் நிரலைத் தொடவே இல்லை. மணி அடிக்கிற பகுதியின் வாசலில் ஒரே ஒரு வகையை மாற்றி வைத்திருந்தாள்: கணக்கிலிருந்து நேராக வருகிற கரை நேரத்தைத் தவிர வேறு எதையும் இது உள்ளே வாங்காது. நகல் வாசலிலேயே நின்றுவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் கீழே லேத் ஓடுவதுகூடக் காதில் விழவில்லை.

"ஒங்களுக்குக் கடல் தெரியுமாக்கா? ஒங்க வீட்டு ஆளு யாரு கடலுக்குப் போறாவ? எங்கம்மா ராத்திரி முழுக்க ஜெபமாலைய உருட்டிக்கிட்டு இருக்கது ஒங்களுக்குத் தெரியுமா? ஒரு பட்டன். அதக் குடுத்தா ஒங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

அக்கா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எங்க வாப்பா வெளிநாட்டுல, தம்மாம்ல இருந்தாவ" என்றாள். "பதினோரு வருசம். ஒவ்வொரு தடவையும் 'அடுத்த பெருநாளைக்கு வந்துருவேன்'னு போன் வரும். உம்மா காலண்டர்ல அந்தத் தேதியச் சுத்தி வைப்பாவ. தேதி பக்கத்துல வந்ததும் எங்களுக்குத் தெரியாம அழிச்சிட்டு, ரெண்டு மாசம் தள்ளிச் சுத்துவாவ. நாங்க சந்தோசமாத்தான் இருந்தோம் வினோ. அங்கன வாப்பாக்கு ஒடம்பு சரியில்லன்னு ரெண்டு வருசமா யாருக்கும் தோணவே இல்ல. தேதிதான் தள்ளிக்கிட்டே இருக்கே, பெறகு எப்படித் தோணும்?"

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன். பிறகு, "வந்தாவளா?" என்று கேட்டேன்.

"வந்தாவ. நாசர்னு தன் பேர எழுதின பெட்டியோட நடந்துதான் வந்தாவ. மூணு மாசந்தான் உசுரோட இருந்தாவ." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். "ஒங்கம்மாவ நான் பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் வேப்ப மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களோடு மணலில் உட்கார்ந்தாள். என் அம்மா பாக்கியம் லேசில் யாரோடும் ஒட்டிக்கொள்கிற ரகம் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அக்கா பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

"அவிய கெளம்பும்போது நீங்க என்ன செய்வீங்கம்மா?"

"என்ன செய்வோம், டீசல் கேன் தூக்கிக் குடுப்போம்."

"எத்தன கேன்னு ஞாபகம் இருக்குமா?"

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். "எங்க தோளுக்குத் தெரியாதா ஏட்டி, எத்தன கேன்னு?"

"கேன் எத்தனன்னு கேட்டா தப்பா?"

"அது எப்படித் தப்பாகும்? அது போற கணக்குல்லா. வாற கணக்கத்தான் கேக்கக் கூடாது."

அக்கா அதைத் தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். திரும்பிவரும் பஸ்ஸில் திசையன்விளை தாண்டும்வரை கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "தப்பு எம்மேலதான்" என்றாள் திடீரென்று. "கேக்கக் கூடாதத அவிய கையில கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினாள். வீட்டுப் போனில் கரை நேரம் இனித் தெரியாது. நிறம் மாறாது, சத்தம் வராது. 'எத்தனை கேன்?' என்றுதான் திரை கேட்கும். நேரம் சங்கத்து அறையில் இருக்கிறவர் திரையிலும் எங்கள் அலுவலகத்திலும் மட்டும். கூடுதலாகக் கேன் கொண்டுபோனாலோ, நடுக்கடலில் இன்னொரு வள்ளத்தில் டீசல் வாங்கினாலோ, கடலிலிருந்து வள்ளக்காரர்கள் போனில் பேசினாலோ, அதையெல்லாம் போட இடம் வைத்தாள். உண்மையில் நடந்ததைப் போட்டால் கரை நேரம் தானே நகரும். விடையில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. எங்களாலும் முடியாது, சங்கத் தலைவராலும் முடியாது. அந்த வரிக்கு மேலே தமிழில் ஒரு குறிப்பு எழுதினாள்: 'இது கணக்கிலிருந்து வருவது. இதில் யாரும் எழுத முடியாது.'

பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். வேதநாயகம் ஒத்துக்கொண்டார். நான் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டே இருந்தேன். தோற்றவள் அல்லவா?

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. காலை பத்தரை மணிக்கு அம்மா அலுவலகத்துக்கே போன் செய்தாள். அப்பாவும் மார்ட்டின் மாமாவும் இன்னும் வரவில்லை. கூடப் போன வள்ளங்களில் மூன்று கரை ஏறிவிட்டன. போன் எடுக்கவில்லை. கச்சான் காற்று எழும்பியிருக்கிறது என்றாள். எங்கள் கரை கிழக்கே பார்த்தது. கச்சான் மேற்கேயிருந்து அடித்தால் வள்ளத்தைக் கரையிலிருந்து வெளியே தள்ளும்.

"ஏட்டி வினோ, அவிய வந்துருவாவ. எனக்குத் தெரியும். ஆனா பதினொன்னு இருவதுக்குச் சங்கத்துல மணி அடிச்சிரும்னு வேதநாயகம் சொல்லிட்டுப் போறாரு. ஊரு பூரா அவியளத் தேட ஆரம்பிச்சா நான் எப்படித் தாங்குவேன்? நீதான அங்கன இருக்க. ரெண்டே ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டுரு."

போனை வைத்தேன். எங்கள் அலுவலகக் கணினியில் எல்லா வள்ளங்களும் தெரியும். அப்பாவின் பெயரைத் திறந்தேன். கரை நேரம் பதினொன்று இருபது. நான் நகல் எடுத்து, பிறகு கத்திச் சண்டை போட்ட அதே இடம். அதில் சுட்டியை வைத்து அமுக்கினேன். எதுவும் நடக்காது என்று தெரிந்துதான் அமுக்கினேன். எதுவும் நடக்கவில்லை.

அப்போதுதான் இன்னொரு வழி கண்ணில் பட்டது. 'கூடுதல் கேன்' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒன்று என்று போட்டால் போதும். இருபது லிட்டர். கரை நேரம் தானாகவே மத்தியானம் ஒரு மணியைத் தாண்டிவிடும். எந்தச் சிவப்புக் கோடும் வராது. கட்டத்தில் சுட்டியை வைத்தேன். ஒன்று என்று அடித்தேன். 'சேமி' மட்டும்தான் பாக்கி.

அக்கா எப்போது என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது. அதட்டவில்லை. என் கையைத் தட்டிவிடவும் இல்லை. மெதுவாகக் கேட்டாள்:

"ஒங்கப்பா அந்தக் கேன எடுத்துட்டுப் போனாவளா?"

"இல்ல."

"ஒங்கம்மா தூக்கிக் குடுத்தாவளா?"

நான் அழுதுவிட்டேன். நேரத்தைத் தள்ளிப்போடுவது எனக்கு அதுவரைக்கும் பொய்யாகத் தோன்றியதே இல்லை. நம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கேன் அப்படி இல்லை. அம்மாவின் தோளில் ஏறாத கேன் அது. அது காலியாகக்கூட வள்ளத்தில் இல்லை. அதை நான் எழுதினால், இல்லாத டீசலில் என் அப்பாவைக் கடலில் ஓட விட்டதாக ஆகும். அடித்த ஒன்றை அழித்தேன். அம்மாவுக்குப் போன் செய்து, "முடியாதும்மா" என்று சொன்னேன். அந்தப் பக்கம் அம்மா போனை வைத்துவிட்டாள்.

பதினொன்று இருபதுக்குச் சங்கத்தில் மணி அடித்தது. எங்கள் திரையில் அப்பாவின் பெயர் மேலே ஏறி நின்றது. வேதநாயகம் வாக்கி டாக்கியில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று போன் வந்தது. ஃபஹ்மிதா அக்கா தன் நாற்காலியை என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். என் வலது கையில் ஜெபமாலை. பன்னிரண்டரைக்கு லுஹர் தொழுகைக்கு மட்டும் எழுந்துபோய், மூலையில் விரிப்பைப் போட்டுத் தொழுதாள். வழக்கத்தைவிட நீளமாகத் தொழுதாள். அன்றைக்குக் குமரகுருபரன் அண்ணாச்சி கீழே போய் லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மேசையில் டீ கிளாஸ் அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்று பத்துக்கு அம்மாவின் போன். எடுக்க முடியவில்லை. அக்காதான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள், "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள், போனை என் காதில் வைத்தாள். எங்கள் அம்மா சிரித்துக்கொண்டே அழுவதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

நடந்தது இதுதான். எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. அறுக்கப் போன மாமாவை அலை தூக்கி அடித்ததில் கை முறிந்தது. வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி, வாக்கி டாக்கியும் போன்களும் நனைந்துவிட்டன. கச்சான் அவர்களை வெளியே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. அப்பா ஒரு கையால் தண்ணீரை இறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமாவைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். மணப்பாட்டுக்கார வள்ளம் ஒன்று, கரைக்குத் திரும்ப எஞ்சினைக் கிளப்பும்போது வேதநாயகத்தின் குரலைக் கேட்டிருக்கிறது. தெற்கே ஒரு வட்டம் பார்த்துவிட்டுப் போவோம் என்று திருப்பியவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அந்த வள்ளக்காரர் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்: "அரை மணி கழிச்சுக் கூப்பிட்டிருந்தா நாங்க கரையில சோறு தின்னுக்கிட்டு இருந்திருப்போம் வே."

அம்மா இரண்டு மணி நேரம் கேட்டாள். நான் ஒரு கேன் அடித்தேன். அவர் சொன்ன அரை மணியை நான் இன்னும் மறக்கவில்லை.

மாமாவுக்குக் கட்டு பிரித்த வாரம், அம்மா ஒரு முழு சீலா மீனைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பேட்டைக்கே வந்துவிட்டாள். லேத் பட்டறைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு மீனைப் பார்த்தார்கள். அம்மா படியேறி வந்து, அக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் கேட்டத நீ தராம இருந்தியே, தாயி. நீ நல்லா இருக்கணும்."

"நான் என்னம்மா செஞ்சேன்? ஒங்க பிள்ளைதான் அந்தக் கேன எழுதல" என்றாள் அக்கா. அவள் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு பெரிய மீனை இரண்டு பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அதற்குப் பிறகு அவள் கவலை. கடைசியில் அண்ணாச்சி தன் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் அக்காவின் உம்மா சபீதா எங்கள் எல்லாருக்கும் மீன் ஆணமும், அதாவது குழம்பும், சோறும் கொடுத்தனுப்பினார்கள். அப்படி ஒரு ருசியை எங்கள் கடற்கரையில்கூட நான் சாப்பிட்டதில்லை. இதை எங்கள் அம்மா வாசிக்கக் கூடாது.

நன்றி என்று அக்காவிடம் நேரில் சொல்லிப் பார்த்தேன். "வேலையப் பாரு ஏட்டி" என்றாள். அதனால் எனக்குத் தெரிந்த இடத்தில் சொன்னேன். நிரலில் அந்த வரிக்கு மேலே அவள் எழுதிய குறிப்பு இருக்கிறதல்லவா, 'இது கணக்கிலிருந்து வருவது. இதில் யாரும் எழுத முடியாது.' அதற்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தேன். குறிப்பில் எழுதுவதால் நிரலுக்கு எந்த மாற்றமும் இல்லை. வாசிக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். இரண்டு பெயர்களை எழுதினேன்: 'அம்புரோஸ், மார்ட்டின்.' அவள் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு, திட்டு வரும் என்று காத்திருந்தேன்.

அக்கா அதைத் திறந்தாள். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த இரண்டு பெயருக்கு முன்னால் தானே ஒரு பெயரை அடித்துச் சேர்த்தாள். 'நாசர்.' ஒப்புதல் கொடுத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வேலையை எடுத்தாள்.